லாப்டாப்பில் ‘டக், டக்’ சத்தமா? முதலில் அணையுங்கள்!

‘டக்... டக்... டக்...’

சுவர்க் கடிகாரம்தான் என்று முதலில் நினைத்தார் நண்பர். தாராவி 90 அடி சாலையை ஒட்டிய சந்தில் ஒரு சிறிய வீடு. ஞாயிற்றுக்கிழமை இரவு. வெளியே ஜூலை மாதத்து மழை. மகளுடைய கல்லூரி விண்ணப்பத்துக்காக லாப்டாப்பைத் திறந்திருந்தார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, வேறொன்றும் வரவில்லை. சத்தம் மட்டும் வந்தது. குனிந்து காதை வைத்துக் கேட்டபோதுதான் அது லாப்டாப்பின் வயிற்றுக்குள்ளிருந்து வருவது தெரிந்தது.

நண்பருக்குச் சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். பாலார்ட் எஸ்டேட்டில் கப்பல் சரக்கு ஏஜெண்டு ஒருவரின் ஆபீசில் இருபது வருஷமாகக் குமாஸ்தா. லாப்டாப் வாங்கி ஏழு வருஷம் ஆகிறது. அதில் என்னதான் இல்லை? பி.எஃப். காகிதங்கள், மகளின் மதிப்பெண் பட்டியல், வீட்டுக்கான பழைய லைட் பில்களின் நகல்கள், ஊர்க் கொடையில் எடுத்த படங்கள், முந்நூறு ஜி.பி. அளவுக்குச் சினிமா. இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. 2021ல் காலமான அவருடைய தந்தையாரின் குரல்.

தந்தையாருக்கு எழுதிப் பழக்கமில்லை. ஞாயிறுதோறும் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவார். “ஏய்யா, சாப்பிட்டியா? கொளம் பெருகிட்டு. நாளைக்கு மடை தொறக்காங்க” என்று ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம். அப்படி 63 பேச்சுகள். 2022ல் போன் மாற்றியபோது அவற்றை லாப்டாப்பில் ஏற்றிவிட்டு, பழைய போனை விற்றுவிட்டார் நண்பர். வேறு பிரதி எடுத்து வைக்கவில்லை.

அன்றிரவு அவர் செய்ததை நம்மில் பெரும்பாலோர் செய்திருப்போம். லாப்டாப்பை அணைத்து அணைத்துப் போட்டார். பத்துத் தடவை இருக்கும். பிறகு பக்கத்து வீட்டுப் பையன் வந்தான். “டிஸ்க்கைச் செக் பண்ண விட்டாச் சரியாயிரும் அண்ணாச்சி” என்று விண்டோசில் உள்ள டிஸ்க் பரிசோதனையை ஓடவிட்டுப் போனான். விடிய விடிய ஓடியது. காலையில் பார்த்தால் 11 சதவீதத்தில் நின்றிருந்தது.

நல்ல எண்ணத்தோடு செய்யப்பட்ட காரியங்கள்தான். ஆனால் இரண்டும் டிஸ்க்குக்கு எமன்.

உள்ளே நடப்பது என்ன?

ஹார்டு டிஸ்க் என்பது பெயருக்கேற்றபடி ஒரு தட்டு. லாப்டாப்பில் உள்ள தட்டு நம் உள்ளங்கையில் அடங்கும். குறுக்களவு இரண்டரை அங்குலம். பெரும்பாலானவை நிமிஷத்துக்கு 5,400 சுற்று, அதாவது விநாடிக்கு 90 சுற்று சுற்றும். தட்டின் விளிம்பு மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று கணக்கிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். நம் லோக்கல் ரயிலின் வேகம்! அந்த வேகத்தில் ஓடும் தட்டுக்கு மேலே, அதைத் தொடாமல், படிக்கும் முனை மிதக்கிறது. இடைவெளி சில நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிமன் சுமார் எண்பதாயிரம் நானோமீட்டர் என்றால், அந்த இடைவெளியை ஊகித்துக்கொள்ளுங்கள். ஒரு தூசு போதும்.

1956ல் ஐ.பி.எம். கம்பெனி கொண்டுவந்த முதல் ஹார்டு டிஸ்க்கில் 24 அங்குலத் தட்டுகள் ஐம்பது இருந்தன. பீரோ போன்ற அந்த யந்திரம் முழுவதிலும் அடங்கியவை 50 லட்சம் எழுத்துகள். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு படத்துக்கே அது பற்றாமல் போகலாம். இவ்வளவு சிறிய இடத்தில் இவ்வளவு நெருக்கமாக எழுதத் தொடங்கியதன் விலைதான் இந்த நானோமீட்டர் ஆபத்து.

‘டக், டக்’ என்பது அந்த முனை தன் இடத்தைத் தேடிப் போய், கண்டுபிடிக்க முடியாமல், திரும்பத் திரும்ப ஓரத்துக்கு வரும் ஓசை. முனை சேதப்பட்டிருந்தால், ஒவ்வொரு முறை சுவிட்சைப் போடும்போதும் அது தட்டைச் சுரண்டக்கூடும். சுரண்டப்பட்ட இடத்தில் இருந்தது போனது போனதுதான். எந்த நிபுணர் வந்தாலும் திரும்பாது.

டிஸ்க் பரிசோதனை விஷயம் வேறு. அதன் வேலை நம் படங்களைக் காப்பாற்றுவது அல்ல. டிஸ்க்கின் கணக்குப் புத்தகத்தை ஒழுங்குபடுத்துவதே அதன் வேலை. கணக்கில் சேராத துண்டுகளைப் பெயரை உருவிவிட்டு ஒரு மூலையில் குவித்துவிடும். கெட்ட இடங்களை விடாமல் படித்துப் படித்து, மூச்சு வாங்கும் டிஸ்க்கை ஓடவும் வைக்கும். நல்ல டிஸ்க்குக்கு அது மருந்து. சாகக் கிடக்கும் டிஸ்க்குக்கு அதைக் கொடுக்கக் கூடாது.

சத்தமே இல்லாமலும் டிஸ்க் கெடுவதுண்டு. ஒரு ஃபைல் திறக்க ஐந்து நிமிஷம் ஆவது, ஃபோல்டர்களின் பெயர்கள் விநோதமாகத் தெரிவது, காப்பி பாதியில் உறைந்து நிற்பது ஆகியவை அறிகுறிகள். டிஸ்க்குக்குள்ளேயே ‘ஸ்மார்ட்’ என்ற சுய பரிசோதனைக் கணக்கு இருக்கிறது. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவசப் புரோகிராம் அதைப் படித்து நீலம், மஞ்சள், சிவப்பு என்று காட்டும். மஞ்சள் வந்தாலே பிரதி எடுத்துவிட வேண்டும். ஆனால் நீலம் என்றதும் நிம்மதியாகத் தூங்கிவிடவும் கூடாது. 2007ல் கூகுள் கம்பெனியார் தங்களிடமிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பழுதானவற்றில் பாதிக்கு மேற்பட்டவை, முக்கியமான நான்கு எச்சரிக்கைகளில் ஒன்றைக்கூடக் காட்டாமல் போனவை.

“என்ன வேண்டும், சொல்”

மறுநாள் காலை நண்பர் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, ஸ்டேஷன் பக்கத்துக் கடை ஒன்றுக்குப் போனார். கடைக்காரர் பார்த்தார். “ஹோ ஜாயேகா” என்றார். ஃபார்மட் செய்து புது விண்டோஸ் போட்டு மாலையில் தந்துவிடுவதாகச் சொன்னார். லாப்டாப் ஓடும் என்பது உண்மை. ஆனால் உள்ளே இருந்தவற்றின் கதி? நண்பர் லாப்டாப்பை நீட்டிவிட்ட பிறகு, என்னவோ தோன்றி, திரும்ப வாங்கிக்கொண்டார். அந்தக் கணம் அவருக்கு ஏன் அப்படித் தோன்றியது என்று இன்றும் அவருக்குத் தெரியாது.

நம்மவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது. ‘ரிப்பேர்’ என்றால் கடைக்காரருக்கு லாப்டாப்பை ஓட வைப்பது என்றே பொருள். நமக்கு வேண்டியது அது அல்ல. ஆகவே வாசலிலேயே, “முஜே டேட்டா சாஹியே, ஃபார்மட் மத் கர்னா” என்று சொல்லிவிட வேண்டும். இந்தி சரளமாக வராதவர்கள் ஒரு சீட்டில் எழுதி லாப்டாப்பின் மேல் ஒட்டிவிடலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆபீஸ் சிநேகிதர் ஒருவர் சொன்னதன் பேரில், கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி லாமிங்டன் ரோட்டுக்கு நடந்தார் நண்பர். டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்பது அந்தச் சாலையின் இன்றைய பெயர். ஆனாலும் எலெக்ட்ரானிக் சாமான் வாங்கப் போகிறவர்கள் லாமிங்டன் ரோடு என்றே சொல்கிறார்கள். அங்கே ஒரு கட்டடத்தின் முதல் மாடியில், அலமாரியைவிடச் சற்றுப் பெரிய கடை. வயதான மராத்தியர் ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரைக் ‘காகா’ என்று கூப்பிடுகிறார்கள்.

காகா லாப்டாப்பைத் திறக்கவே இல்லை. “இதில் என்ன வேண்டும்?” என்று கேட்டார்.

“எல்லாமே வேண்டும், காகா.”

“எல்லாம் எடுக்க ராத்திரி முழுக்க ஆகும். இந்த டிஸ்க் ராத்திரி வரை இருக்குமோ, இருக்காதோ? முதலில் எது, அடுத்தது எது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்பது எது, எழுதிக் கொடு” என்று ஒரு காகிதத்தையும் பேனாவையும் தள்ளினார்.

சாகக் கிடக்கும் டிஸ்க்கில் மிச்சமிருக்கும் நேரம், மாதக் கடைசியில் பையில் இருக்கும் பணம் போன்றது. எதற்குச் செலவழிப்பது என்று முதலிலேயே தீர்மானிக்காவிட்டால், சினிமாவுக்குப் போய்விடும். டிஸ்க் முழுவதையும் ஒரு மூலையிலிருந்து காப்பி செய்யத் தொடங்கினால், எது முக்கியம் என்று அதற்குத் தெரியுமா?

நண்பர் முதலில் எழுதியது வீட்டுக் காகிதங்களை. தாராவி மறுசீரமைப்பில் 2000 ஜனவரி 1 என்ற தேதி எவ்வளவு முக்கியம் என்று அங்கே குடியிருப்போருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு முன்பிருந்தே இருக்கிறோம் என்று காட்ட லைட் பில், ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல் எல்லாம் வேண்டும். அடுத்து மகளின் சர்டிபிகேட். அதற்கு அடுத்து பி.எஃப். தந்தையாரின் பேச்சு நாலாவதாக வந்தது. எழுதி முடித்து, வீட்டுக்குப் போன் போட்டு மனைவியிடம் படித்துக் காட்டினார்.

அந்த அம்மாள் சொன்னது: “என்னங்க நீங்க, லைட் பில்லு, ரேஷன் கார்டெல்லாம் தகரப் பெட்டியில பத்திரமா இருக்கு. மாமா பேசுனதை மொதல்ல எடுக்கச் சொல்லுங்க.”

எவ்வளவு தெளிவான யோசனை! திரும்பக் கிடைக்கக்கூடியது வேறு, கிடைக்காதது வேறு. ஆதார், பான் கார்டு, ஓட்டுநர் உரிமம் போன்றவற்றை 2015ல் வந்த டிஜிலாக்கரில் எடுத்துக்கொள்ளலாம். பி.எஃப். கணக்கு அவர்கள் தளத்திலேயே இருக்கிறது. மதிப்பெண் பட்டியலுக்கு அலைச்சல் உண்டு, ஆனால் நகல் தருவார்கள். பாங்கு ஸ்டேட்மெண்டுக்கு ஒரு விண்ணப்பம் போதும். இறந்தவர் குரலுக்கு எந்த ஆபீசில் விண்ணப்பம் போடுவது?

தவிர, அருமையானவை பெரும்பாலும் அளவில் சிறியவை. ஒரு படம் பிடிக்கும் இடத்தில் வாட்ஸ்அப் பேச்சு பத்து நிமிஷம் அடங்கும். நண்பரின் 63 பேச்சுகளையும் சேர்த்தால் ஒரு சினிமாவில் நூறில் ஒரு பங்குகூட வராது.

காகா செய்த வேலை

நான்கு ஸ்க்ரூக்களைக் கழற்றி டிஸ்க்கை வெளியே எடுத்தார் காகா. தம்முடைய கம்ப்யூட்டரில் மாட்டினார். அதில் ஓடியது லினக்ஸ், விண்டோஸ் அல்ல. விண்டோஸ் ஒரு டிஸ்க்கைக் கண்டதுமே அதில் எதையாவது படிக்கவும் எழுதவும் தொடங்கிவிடுகிறது. லினக்சில் ‘படி, ஆனால் எழுதாதே’ என்று கட்டிப்போட முடியும். அப்படிக் கட்டிப்போட்டு, முதலில் அந்த ஒரே ஃபோல்டரை மட்டும் புது டிஸ்க்குக்கு மாற்றினார். ஏறக்குறைய இருபது நிமிஷம். நல்ல டிஸ்க்காக இருந்தால் இரண்டு விநாடி வேலை.

53 பேச்சுகள் வந்தன. பையன் ஓடவிட்ட பரிசோதனை ஒரு மூலையில் குவித்திருந்த பெயரில்லாத துண்டுகளில் இன்னும் ஐந்து கிடைத்தன. ஆக 58.

அதன்பின் படங்கள், காகிதங்கள். கடைசியாகத்தான் மிச்சம் முழுவதையும் ‘டிடிரெஸ்க்யூ’ என்ற புரோகிராமிடம் விட்டார். 2004ல் வெளிவந்த இது இலவசமானது. சாதாரண காப்பி ஒரு கெட்ட இடத்தில் மாட்டிக்கொண்டால் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். இது அப்படியல்ல. முட்டினால் தாண்டிப் போய், நல்ல இடங்களை எல்லாம் முதலில் அள்ளிக்கொள்ளும். எங்கெங்கே விட்டோம் என்று ஒரு வரைபடம் எழுதி வைத்துக்கொண்டு, பிறகு திரும்பி வந்து கெட்ட இடங்களைச் சுரண்டிப் பார்க்கும். நடுவில் கரண்டு போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எடுத்து வைக்கும் புது டிஸ்க் மட்டும் பழையதன் அளவாவது இருக்க வேண்டும்.

பிரதி கிடைத்துவிட்டால் பிறகு எல்லா ஆராய்ச்சியும் பிரதியின் மேல்தான். டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் என்ற இலவசப் புரோகிராம்கள் அதற்கு உண்டு. ஃபோட்டோரெக் ஃபைலின் பெயரைப் பார்க்காது, உருவத்தைப் பார்த்து எடுக்கும். ஆகவே படம் கிடைக்கும், பெயர் போய்விடும். எந்த வருஷத்துக் கொடை என்று நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

மாலை ஆறரை மணிக்குப் பாதிக்குச் சற்று மேல் வந்திருந்தபோது மறுபடியும் ‘டக், டக்’. காகா உடனே கரண்டை எடுத்துவிட்டார். “இனி இதைச் சுற்ற விடாதே” என்று ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தார். சில படங்களில் மேல் பாதி ஆட்கள், கீழ்ப் பாதி சாம்பல் நிறம். சினிமா முக்கால்வாசி போயிற்று. அதைப் பற்றி நண்பர் கேட்கவே இல்லை.

வீட்டில் செய்யலாமா?

டிஸ்க் சத்தம் போடவில்லை, மெதுவாகத்தான் இருக்கிறது என்றால், லினக்ஸ் பழகியவர்கள் பென் டிரைவிலிருந்து அதை ஓடவிட்டு இதே வேலையை வீட்டில் செய்யலாம். சத்தம் போடுகிறது, அல்லது கீழே விழுந்தது என்றால் கை வைக்காமல் இருப்பதே உத்தமம். மீட்புப் புரோகிராமை அதே டிஸ்க்கில் ஏற்றுவது, தண்ணீர் ஏறிய படகிலேயே மூட்டையை ஏற்றுவது போல.

டிஸ்க்கை ஃபிரிட்ஜில் வைத்தால் பிழைக்கும் என்று ஒரு வைத்தியம் உலவுகிறது. வெளியே எடுத்ததும் பனித்துளி கோத்துக்கொள்ளும். அதுவும் மும்பைக் காற்றில்! லேசாகத் தட்டினால் ஓடும் என்பார்கள். முனை தட்டில் ஒட்டிக்கொண்ட பழைய காலத்து டிஸ்க்குகளுக்குச் சொன்னது அது. வீட்டில் மூடியைத் திறந்து பார்ப்பதோ கொலைக்குச் சமம். ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரான் தூசு நூறுக்கு மேல் போகாத தனி அறையில்தான் அதைத் திறப்பார்கள். அதற்கென்று உள்ள லேபரட்டரிகளில் கட்டணம் பல ஆயிரம் ரூபாய். பச்சை நிற போர்டை மட்டும் மாற்றிப் பார்க்கலாமே என்றால், இன்றைய டிஸ்க்குகளில் அந்தந்த டிஸ்க்குக்கே உரிய குறிப்புகள் போர்டில் உள்ள ஒரு சில்லில் இருக்கின்றன. அதையும் பெயர்த்து மாற்றினாலன்றி ஓடாது.

வெள்ளத்தில் நனைந்த டிஸ்க்கைப் பற்றியும் மும்பைவாசிகளுக்கு ஒரு வார்த்தை. 2005 ஜூலை 26ஆம் தேதி சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதை இங்கிருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். டிஸ்க்கில் காற்றுக்காக ஒரு சிறு துளை உண்டு. அதன் வழியே நீர் போகலாம். காய்ந்துவிட்டது என்று நினைத்து சுவிட்சைப் போட்டுவிடாதீர்கள். நனைந்தபடியே உறையிட்டு லேபரட்டரிக்குக் கொண்டுபோவதுதான் முறை.

புதிய லாப்டாப்புகளில் சுற்றும் தட்டு இல்லை, எஸ்.எஸ்.டி. என்ற சில்லு இருக்கிறது. அது சத்தம் போடாது, சொல்லாமல் ஒரு நாள் நின்றுவிடும். அதில் அழித்த ஃபைலையும் பெரும்பாலும் மீட்க முடியாது. இன்னொரு சிக்கல், பிட்லாக்கர் என்ற பூட்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கிய லாப்டாப்புகள் பலவற்றில் நமக்குத் தெரியாமலே அது பூட்டப்பட்டிருக்கும். 48 எண்கள் கொண்ட சாவி இல்லாவிட்டால் டிஸ்க் நன்றாக இருந்தும் பயனில்லை. சாவி அந்தக் கணக்கிலேயே இருக்கும். இன்றே எடுத்து எழுதி, ரேஷன் கார்டோடு வையுங்கள்.

கடையில் ஜாக்கிரதை

டிஸ்க்கைக் கொடுப்பது என்பது வீட்டுச் சாவியைக் கொடுப்பது போலத்தான். பெண்களின் படங்கள், பாங்கு விவரம், கையெழுத்து எல்லாம் அதில் இருக்கின்றன. “மேரே சாம்னே கரோ” என்று சொல்லி உட்கார்ந்துகொள்ளலாம். நண்பர் அன்று எட்டு மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். விட்டுவிட்டு வருவதானால், டிஸ்க்கின் மேலுள்ள சீரியல் நம்பரை ரசீதில் எழுதி வாங்குங்கள். கடையின் கம்ப்யூட்டரில் தங்கிய பிரதியைக் கண் முன்னே அழிக்கச் சொல்லுங்கள். உடைமையாளர் அனுமதியின்றி ஒருவரின் கம்ப்யூட்டரிலிருந்து தகவலை நகலெடுப்பது 2000ஆம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவில் வருகிறது. மோசடி எண்ணத்தோடு செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்று வருஷம் வரை சிறை உண்டு.

நண்பர் இப்போது இரண்டு பிரதிகள் வைத்திருக்கிறார். ஒன்று வீட்டில் தனி டிஸ்க்கில். மற்றொன்று, தீபாவளிக்கு ஊருக்குப் போன தம்பியிடம் கொடுத்தனுப்பி நாங்குநேரியில் இருக்கிறது. தாராவியும் நாங்குநேரியும் ஒரே மழையில் நனையாது என்பது அவர் கணக்கு.

அந்தத் தம்பியிடம்தான் இன்னொரு விஷயமும் தெரிந்தது. வராமல் போன ஐந்து பேச்சுகளைப் பற்றிச் சொன்னபோது, “அப்பா சிலதைக் குடும்பக் குழுவுலயும் போட்டாங்களே, என் போன்ல இருக்கான்னு பாக்கேன்” என்றார் அவர். மூன்று இருந்தன. அனுப்பியவை எல்லாம் வாங்கியவரிடம் இருக்கக்கூடும் என்பது அந்த ஞாயிற்றுக்கிழமை இரவில் யாருக்கும் தோன்றவில்லை.

பாக்கி இரண்டு. லேபரட்டரியில் கேட்ட தொகை நண்பரின் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். மகளின் கல்லூரிக் கட்டணம் முடியட்டும் என்று இருக்கிறார். டிஸ்க், உறை பிரிக்காமல், தகரப் பெட்டியில் லைட் பில்களுக்குக் கீழே இருக்கிறது.